நிறுவனத்தில் மாற்றம் வரும்போது ஊழியர்களிடம் எதை, எப்போது, எப்படிச் சொல்வது

இரண்டு பிரிவுகளை ஒன்றாக்குகிறார்கள். அல்லது பழைய சாஃப்ட்வேரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். அலுவலகம் இடம் மாறுகிறது, ஷிஃப்ட் நேரம் மாறுகிறது, ஆட்குறைப்பு வருகிறது. எதுவானாலும் கடைசியில் "ஊழியர்கள்கிட்ட சொல்ற வேலையை நீங்க பார்த்துக்கோங்க" என்று யாராவது ஒருவர் தலையில் வந்து விழும். பெரும்பாலும் அவர் ஹெச்.ஆர். பிரிவுக்குப் புதியவராகவோ, முதல்முறையாக டீம் லீட் ஆனவராகவோ இருப்பார். இந்த வழிகாட்டி அவருக்காக.

கெட்ட செய்தியை மனிதர்கள் தாங்கிக்கொள்வார்கள். எப்போது தெரியும் என்பதுகூடத் தெரியாமல் காத்திருப்பதுதான் தாங்க முடியாதது. ஆகவே முடிவானதைச் சொல்வது உங்கள் வேலையில் பாதிதான். முடிவாகாததை, எந்தத் தேதிக்குள் முடிவாகும் என்பதோடு சேர்த்துச் சொல்வது மறுபாதி. பலரும் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

இது வெறும் அபிப்பிராயம் அல்ல. ஷ்வைகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1991-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இரண்டு நிறுவனங்கள் இணையும் காலத்தில், ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆலைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஓர் ஆலையில் வழக்கமான அறிவிப்போடு விட்டுவிட்டார்கள். மற்றதில் செய்திமடல், கேள்வி கேட்கத் தனித் தொலைபேசி எண், வாராந்தரக் கூட்டங்கள் என்று ஏற்பாடு செய்தார்கள். முதல் ஆலையில் மன அழுத்தமும் நிச்சயமின்மையும் ஏறிக்கொண்டே போயின. இரண்டாவதில் ஏற்றம் நின்றது. இணைப்பு என்னவோ இரண்டு ஆலைக்கும் ஒன்றுதான்.

முதல் வேலை: யாருக்கு என்ன மாறுகிறது என்று ஒரு தாள்

மேலிடத்திலிருந்து உங்களுக்கு வரும் கோப்பில் "ஒருங்கிணைப்பு", "செயல்திறன் மேம்பாடு" என்றெல்லாம் இருக்கும். ஊழியர் மனதில் ஓடுவது வேறு. எனக்கு வேலை இருக்குமா? சம்பளம் குறையுமா? இனி யாருக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும்? ஏற்கெனவே ஒப்புதல் வாங்கிய லீவு செல்லுமா? இந்த வருஷ அப்ரைசலைப் பழைய மேனேஜர் எழுதுவாரா, புதியவரா? கோப்பின் மொழிக்கும் இந்தக் கேள்விகளுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைக் கடப்பதற்கே இந்தத் தாள்.

ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் வரிசையாக ஊழியர் குழுக்கள். மேலே ஏழு தலைப்புகள்: வேலையின் தன்மை, சம்பளமும் சலுகைகளும், மேலதிகாரி, இடம், நேரம், பயன்படுத்தும் கருவி அல்லது சாஃப்ட்வேர், புதிதாகக் கற்க வேண்டியது. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றில் ஒன்றைத்தான் எழுதலாம்: "மாறாது", "இப்படி மாறும்", "முடிவாகவில்லை, இந்தத் தேதிக்குள் தெரியும்". எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். காலியாக நிற்கும் கட்டத்தைப் பற்றி மேலிடத்தில் யாரும் யோசிக்கவில்லை என்று அர்த்தம். அதைத்தான் ஊழியர் முதல் நாளே கேட்பார்.

குழுக்களைப் பிரிவின் பெயரை வைத்துப் பிரிக்க வேண்டாம். 40 பேர் உள்ள ஒரு பிரிவில் 25 பேருக்கு ஷிஃப்ட் மட்டும் மாறலாம், 12 பேருக்கு மேனேஜர் மாறலாம், 3 பேருக்கு வேலையே மாறலாம். அந்த 3 பேரையும் மற்றவர்களோடு சேர்த்து ஒரே கூட்டத்தில் உட்காரவைத்துப் பொதுவாகப் பேசினால், அந்தக் கூட்டம் அவர்களுக்கு அவமானமாக முடியும்.

விட்டுப்போகிறவர்கள் எப்போதும் ஏறக்குறைய ஒரே ஆட்கள்தான்: நைட் ஷிஃப்டில் இருப்பவர்கள், கான்ட்ராக்ட் ஊழியர்கள், பிரசவ விடுப்பிலோ நீண்ட மருத்துவ விடுப்பிலோ இருப்பவர்கள், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், அலுவலக மெயில் ஐடி இல்லாதவர்கள், ஆஃபர் லெட்டர் வாங்கிவிட்டு இன்னும் சேராதவர்கள். தாளின் அடியில் இவர்களைத் தனியாக எழுதி, ஒவ்வொரு வகைக்கும் நேரில் சொல்லப்போகிறவர் யார் என்று ஒரு பெயரைப் போட்டுவிடுங்கள்.

"மாறாது" என்ற கட்டங்களை அலட்சியமாக நினைக்காதீர்கள். மாற்றம் என்ற சொல் காதில் விழுந்ததுமே எல்லாமே போய்விடும் என்றுதான் மனம் கணக்குப் போடும். மாறாதவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சொன்னால், பயம் அளவுக்குள் வரும்.

இரண்டாவது: முடிவானது, முடிவாகாதது, கேட்கப்போவது

தாள் நிரம்பியதும் அதிலுள்ளவற்றை மூன்றாகப் பிரியுங்கள். முடிவானவை ஒருபுறம். முடிவாகாதவை, தேதியோடு, இன்னொருபுறம். ஊழியர்களின் கருத்தைக் கேட்டு முடிவு செய்யப்போகிறவை மூன்றாவது.

மூன்றாவதில்தான் பெரிய தவறு நடக்கிறது. ஏற்கெனவே முடிவான ஒன்றைக் கருத்துக் கேட்பதுபோல் முன்வைக்கிறார்கள். "புதிய இடத்துக்குப் போவதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்கும்போது வாடகை ஒப்பந்தம் கையெழுத்தாகி ஒரு மாதம் ஆகியிருக்கும். அது எப்படியும் வெளியே வரும். வந்த பிறகு, நீங்கள் உண்மையாகவே கருத்துக் கேட்கும்போதும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இடம் முடிவாகிவிட்டதென்றால் அதைச் சொல்லிவிடுங்கள். உட்காரும் ஏற்பாடு, போக்குவரத்து நேரம், எந்தக் குழு முதலில் போவது என்பவற்றை அவர்கள் கையில் கொடுங்கள்.

நிஜமாகவே கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் மேரியன் ஊரில், ஹார்வுட் என்ற பைஜாமா தைக்கும் ஆலையில் கோக், ஃபிரெஞ்ச் என்ற இருவர் நடத்திய சோதனை 1948-இல் வெளியானது. வேலை செய்யும் முறையும் அதற்கான கூலி விகிதமும் மாற வேண்டியிருந்தது. ஒரு குழுவிடம் மாற்றத்தை விளக்கிச் சொன்னதோடு சரி. வேறு இரண்டு குழுக்களில் எல்லோரும் உட்கார்ந்து புதிய முறையை வடிவமைப்பதில் பங்கெடுத்தார்கள். விளக்கம் மட்டும் கேட்ட குழுவில் முதல் 40 நாட்களுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள், உற்பத்தியும் தேறவில்லை. பங்கெடுத்த குழுக்களில் அந்தக் காலத்தில் ஒருவரும் போகவில்லை. உற்பத்தி சீக்கிரமே பழைய அளவைத் தாண்டியது. குழுக்கள் சிறியவைதான், ஆனாலும் வேறுபாடு பெரியது. அங்கே மாற்றம் வேண்டுமா வேண்டாமா என்று யாரும் ஓட்டுக்கு விடவில்லை என்பதைக் கவனியுங்கள். எப்படிச் செய்வது என்பதைத்தான் தொழிலாளர்களிடம் விட்டார்கள்.

இந்த இடத்திலேயே சட்ட ஆலோசகரிடம் இரண்டு கேள்விகள் கேட்டுவிடுங்கள். ஆட்குறைப்போ இடமாற்றமோ இருந்தால், யூனியனுக்கோ அரசுத் துறைக்கோ எத்தனை நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும்? நிறுவனம் பங்குச்சந்தையில் இருந்தால், ஊழியரிடம் சொல்வதற்கு முன் சந்தைக்கு அறிவித்தாக வேண்டுமா? விடை நாட்டுக்கு நாடு வேறுபடும். இதைக் கேட்காமல் தேதி குறித்தால் மொத்த அட்டவணையும் கலைந்துபோகும்.

மூன்றாவது: யார் முதலில் கேட்க வேண்டும்

வரிசை எளியது. நேரடியாகப் பாதிக்கப்படுகிறவர் முதலில். அடுத்து அவருடைய குழு. அதற்குப் பிறகு மற்ற ஊழியர்கள். வாடிக்கையாளர், சப்ளையர், பத்திரிகை எல்லாம் கடைசியில். சட்டம் வேறு மாதிரிக் கட்டாயப்படுத்தினால் தவிர, இந்த வரிசை தலைகீழாகவே கூடாது. தன் வேலையைப் பற்றிய செய்தியை ஒருவர் வெளியாள் வாயால் கேட்டுவிட்டால், அதன்பின் நீங்கள் எவ்வளவு நல்ல முறையில் சொன்னாலும் அந்த வடு ஆறாது.

முதல் ஆளிடம் சொன்ன நேரத்துக்கும், அப்போது பணியில் இருக்கும் கடைசி ஊழியரிடம் சொன்ன நேரத்துக்கும் இடையே மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். முதல் கூட்டம் முடிந்து கதவு திறந்ததுமே செய்தி வாட்ஸ்அப்பில் ஓடத் தொடங்கிவிடும். ஒரு நாளின் நடைமுறை இப்படி அமையலாம்: காலை 9:30-க்கு நேரடியாகப் பாதிக்கப்படுகிறவர்களுடன் தனித்தனியாகவோ சிறு குழுவாகவோ பேச்சு, 10:30-க்கு ஒவ்வொரு சூப்பர்வைசரும் தன் குழுவுடன், 11:30-க்கு எல்லோருக்கும் மெயில், அதே நேரத்தில் நோட்டீஸ் போர்டு, பகல் 12:30-க்குப் பிறகு வெளியாட்களுக்கு. மாலை ஷிஃப்டுக்கும் நைட் ஷிஃப்டுக்கும் அவர்கள் உள்ளே நுழையும் நேரத்தில் மேனேஜரே வந்து நின்று சொல்ல வேண்டும். மெயில் அனுப்பிவிட்டோமே என்று விடக் கூடாது. விடுப்பில் இருப்பவர்களுக்கு அன்று காலை 10:30-க்கே போன்.

வாரத்தின் கடைசி வேலை நாள் மாலையிலோ, நீண்ட விடுமுறைக்கு முந்தின நாளோ அறிவிக்காதீர்கள். அதைக் கேட்டவர் இரண்டு மூன்று நாள் வீட்டில் உட்கார்ந்து, கேள்வி கேட்க ஆளில்லாமல், மோசமானதையே கற்பனை செய்துகொண்டிருப்பார். வாரத்தின் முதல் பாதிதான் நல்லது. அறிவித்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் முடிவெடுத்த அதிகாரிகள் ஊரில் இருக்க வேண்டும்.

நான்காவது: அறிவிப்பை எழுதுவது

வழக்கமாக வரும் அறிவிப்பு இது:

"மாறிவரும் சந்தைச் சூழலுக்கேற்ப நமது சேவைப் பிரிவுகளை ஒருங்கிணைத்து, செயல்திறனை மேம்படுத்தும் புதிய பயணத்தைத் தொடங்க முடிவு செய்யப்பட்டுள்ளது. அனைவரின் ஒத்துழைப்பையும் எதிர்பார்க்கிறோம்."

படித்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை. முடிவு செய்தது யார் என்பதுகூட இல்லை. "செய்யப்பட்டுள்ளது" என்ற சொல்லுக்குப் பின்னால் ஆள் ஒளிந்துகொள்ளலாம். ஊழியர்கள் அதைக் கண்டுபிடிக்காமல் இருப்பதில்லை. அதே செய்தியை இப்படி எழுதலாம்:

"ஜூலை 1 முதல் வாடிக்கையாளர் சேவைப் பிரிவும் பழுதுபார்ப்புப் பிரிவும் ஒரே பிரிவாகச் செயல்படும். ஒரே வாடிக்கையாளரின் புகார் இரண்டு இடங்களில் தனித்தனியாகப் பதிவாகி, யார் பொறுப்பு என்று தெரியாமல் தேங்கிவிடுவதே காரணம். இந்த முடிவை நானும் செயல்பாட்டுத் தலைவரும் எடுத்தோம். இதனால் யாருக்கும் வேலை போகாது. சம்பளம், பதவிப் பெயர், ஒப்புதல் பெற்ற விடுப்புகள் மாறாது. ஷிஃப்ட் அட்டவணையும் ரிப்போர்ட்டிங் மேனேஜரும் மாறுவார்கள். புதிய மேனேஜர் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை. ஜூன் 12-க்குள் சொல்கிறோம். ஷிஃப்ட் அட்டவணையை எப்படிப் போடுவது என்று ஜூன் 4, 5 தேதிகளில் உங்கள் குழுவோடு உட்கார்ந்து முடிவு செய்வோம். கேள்விகளை இன்றே உங்கள் சூப்பர்வைசரிடம் கேளுங்கள்."

இதில் என்ன, ஏன், யார் முடிவு, மாறாதது, மாறுவது, முடிவாகாதது, கேட்கப்போவது, யாரிடம் கேட்பது என்று எட்டும் இருக்கின்றன. ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம். அடியில் "நிர்வாகம்" என்று போடாமல், முடிவெடுத்தவரின் பெயரைப் போடுங்கள். எழுதி முடித்ததும் இதைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, "என்ன புரிந்தது?" என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்வது உங்கள் மனதில் இருப்பதோடு பொருந்தவில்லையென்றால் திருத்த வேண்டியது உங்கள் எழுத்தை.

சில சொற்களை அறவே தவிர்க்க வேண்டும். "யாரும் கவலைப்பட வேண்டாம்" என்பது அதுவரை கவலைப்படாதவரையும் கவலைப்பட வைக்கும். "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்பதை ஆட்குறைப்பு அறிவிப்பில் எழுதினால் அது காயத்தில் உப்பு. எல்லாவற்றையும்விட ஆபத்தான சொல் "இப்போதைக்கு". "இப்போதைக்கு ஆட்குறைப்பு இல்லை" என்று எழுதினால், "அப்புறம் உண்டு" என்றுதான் ஒவ்வொருவரும் படிப்பார்கள். உறுதி தர முடியுமென்றால் காலம் குறித்துத் தாருங்கள்: "டிசம்பர் 31 வரை ஆட்குறைப்பு இல்லை, அதன் பிறகான நிலையை நவம்பர் முதல் வாரத்தில் சொல்வோம்." தர முடியாதென்றால் அந்த வாக்கியமே வேண்டாம்.

ஐந்தாவது: சூப்பர்வைசர்கள்

பெரிய கூட்டத்தில் தலைவர் என்ன பேசினாலும், முடிந்ததும் ஊழியர் தன் சூப்பர்வைசர் முகத்தைத்தான் பார்ப்பார். "உண்மையா சார்?" என்று கேட்பது அவரிடம்தான். அவரே மெயிலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார் என்றால், "எனக்கும் உங்களை மாதிரிதான்" என்பார். அந்த ஒரு வரியில் உங்கள் அறிவிப்பு முழுதும் செத்துப்போகும்.

அறிவிப்புக்கு முந்தின நாள் சூப்பர்வைசர்களை மட்டும் அழைத்து 90 நிமிடம் உட்காருங்கள். முதல் 30 நிமிடம் அவர்களுடைய சொந்தக் கேள்விகளுக்கு. அவர்களும் ஊழியர்கள்தான், அவர்கள் நாற்காலியும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். தன் பயம் அடங்காதவர் மற்றவர் பயத்தை அடக்க முடியாது. அடுத்த 30 நிமிடத்தில் ஒரு பக்கத் தாளைக் கொடுத்து விளக்குங்கள். குழுவிடம் சொல்ல வேண்டிய ஐந்து வரிகள், வரக்கூடிய பத்துக் கடினமான கேள்விகளும் விடைகளும், வாக்குக் கொடுக்கக் கூடாதவை என்று அந்தத் தாளில் இருக்கட்டும். கடைசி 30 நிமிடம் இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து ஒத்திகை. ஒத்திகையை நேரமில்லை என்று வெட்டாதீர்கள். தாளில் சுலபமாகத் தெரியும் விடை வாயில் வரும்போது தடுமாறும்.

எல்லோரும் கேட்கும் கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

"மேடம், சுத்தி வளைக்க வேண்டாம். என் வேலை இருக்குமா, இருக்காதா?"

நல்ல மனம் உள்ள சூப்பர்வைசர் வாயில் உடனே வருவது: "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல." இது பாசத்தில் வரும் பொய். பத்து நாளில் உடைந்தால், போவது அவருடைய பெயர். மாறாக:

"எனக்கு இன்னும் தெரியலை. நம்ம பிரிவுல எத்தனை இடம்னு 12-ஆம் தேதி முடிவாகுது. 13-ஆம் தேதி காலையில நானே உங்களைக் கூப்பிட்டுச் சொல்றேன், எந்தச் செய்தியா இருந்தாலும். அதுக்கு நடுவுல என்ன கேக்கணும்னாலும் என்கிட்ட வாங்க."

தெரியாது என்பதை ஒப்புக்கொண்டது, தேதி சொன்னது, யார் சொல்வார் என்று சொன்னது, நடுவில் வர வழி திறந்துவைத்தது என நான்கு வேலைகள் அதில் நடந்திருக்கின்றன. இதற்கு அப்புறம்தான் முக்கியமான இடம்: 13-ஆம் தேதி வந்துவிட்டது, ஆனால் மேலிடத்தில் முடிவாகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அவரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். "இன்னும் முடிவாகலை, 18-ஆம் தேதிக்குத் தள்ளிட்டாங்க, காரணம் இது" என்று சொல்ல வேண்டும். சொன்ன தேதியில் செய்தி இல்லாவிட்டாலும் பேச்சு இருக்க வேண்டும். தேதி தள்ளிப்போனதை ஊழியர் பொறுத்துக்கொள்வார். தேதி வந்து மௌனமாகக் கடந்து போனால், அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் எந்தத் தேதியையும் நம்ப மாட்டார்.

ஆறாவது: கேள்விப் பதிவேடு

இது சாதாரண எக்செல் ஷீட்தான். ஆனால் இந்த வேலையில் இதைவிடப் பயனுள்ள கருவி கிடையாது. ஆறு பத்திகள் போதும்: வரிசை எண், கேட்ட தேதி, கேள்வி, பதில் தர வேண்டியவர், கெடு, பதில். கேட்டவர் பெயருக்குப் பத்தியே வேண்டாம்.

கேள்வியைக் கேட்டவரின் சொற்களிலேயே எழுதுங்கள். "ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வர பஸ் இனிமே உண்டா இல்லையா" என்று கேட்டதை "போக்குவரத்து வசதி தொடர்பான ஐயம்" என்று மாற்றினால், பதிலும் அதே மாதிரி மழுப்பலாகத்தான் வரும். தெரிந்த விடைக்கு இரண்டு வேலை நாள். தெரியாததற்கும் இரண்டு நாளில் ஒரு பதில் போக வேண்டும்: யார் பார்க்கிறார், எப்போது தெரியும். பதிவேட்டை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். கணினி இல்லாத இடத்தில் வாரம் ஒருமுறை அச்செடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். சங்கடமான கேள்விகளை எடுத்துவிடாதீர்கள். அவை பட்டியலில் இருப்பதைப் பார்த்தால்தான் மற்றவர்கள் கேட்கத் துணிவார்கள்.

ஒரே கேள்வி மூன்று குழுக்களிலிருந்து வந்தால் குறை கேட்டவர்களிடம் இல்லை. அறிவிப்பு அந்த இடத்தில் தெளிவாக இல்லை என்று எடுத்துக்கொண்டு, அதற்கு மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள்.

ஏழாவது: அவர்கள் பேசுவதைக் கேட்பது

டவுன்ஹால் எனப்படும் எல்லா ஊழியர்களுக்குமான பெரிய கூட்டத்தில் 200 பேர் முன்னால் "கேள்வி இருக்கிறதா?" என்றால் யாரும் கை தூக்க மாட்டார்கள். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டு போவது பெரிய பிழை. டவுன்ஹால் செய்தி சொல்ல நல்ல இடம், செய்தி கேட்க உகந்த இடம் அல்ல. கேட்க வேண்டுமென்றால் 8 முதல் 12 பேர், 45 நிமிடம், அவர்களுடைய நேரடி மேலதிகாரி இல்லாமல். ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, பெயரில்லாமல் ஒரு கேள்வியும் ஒரு பயமும் எழுதச் சொல்லுங்கள். சீட்டுகளைக் கலக்கி நீங்களே சத்தமாகப் படியுங்கள். முதல் இரண்டு சீட்டைப் படித்ததுமே "ஆமா, எனக்கும் அதேதான்" என்று பேச்சு தானாகத் தொடங்கும்.

கீழிருந்து மேலே கெட்ட செய்தி ஏறுவது கடினம். விரும்பத்தகாத செய்தியைச் சொல்ல மனிதர்கள் இயல்பாகவே தயங்குகிறார்கள் என்பதை ரோசன், டெஸர் என்ற உளவியலாளர்கள் 1970-இலேயே காட்டியிருக்கிறார்கள். ஆகவே "எல்லாம் சுமுகமாகப் போகிறது" என்ற அறிக்கை ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக மெருகேறித்தான் மேலே போய்ச் சேரும். சூப்பர்வைசர்களிடம் "எப்படிப் போகிறது?" என்று கேட்காதீர்கள். "இந்த வாரம் சரியாக நடக்காத இரண்டு விஷயம் எவை?" என்று கேளுங்கள். கேள்வியே இரண்டு குறையைக் கேட்பதால், சொல்பவருக்குக் கூச்சம் இருக்காது.

சர்வே எடுப்பதானால் ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். என்ன மாறுகிறது என்று எனக்குத் தெரியும். ஏன் என்று புரிகிறது. என் சூப்பர்வைசரிடம் தயங்காமல் கேட்க முடிகிறது. இந்த வாரம் என் வேலையை முடிக்க நேரம் இருந்தது. இவற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண், கடைசியாக எழுத்தில் பதில் சொல்ல ஒரு கேள்வி. சிறிய குழுக்களின் முடிவைத் தனியாகக் காட்டாதீர்கள். நான்கு பேர் உள்ள குழுவில் யார் என்ன எழுதினார் என்று மேனேஜர் எளிதில் ஊகித்துவிடுவார். முடிவு வந்த ஒரு வாரத்துக்குள், அதை வைத்து மாற்றிய ஒரு விஷயத்தையாவது அறிவியுங்கள். ஒன்றும் செய்யப்போவதில்லையென்றால் சர்வேயே எடுக்காமல் இருப்பது மேல்.

நேரத்தைப் பற்றிய அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பணியில் ஈடுபாடு பற்றி 1990-இல் எழுதிய வில்லியம் கான் என்ற ஆய்வாளர் அதற்கு மூன்று நிபந்தனைகள் சொன்னார்: செய்யும் வேலைக்குப் பொருள் இருக்க வேண்டும், தன்னை வெளிப்படுத்தினால் கெடுதல் வராது என்ற பாதுகாப்பு வேண்டும், அதற்குத் தேவையான தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். மாற்றக் காலத்தில் மூன்றாவதுதான் முதலில் தீர்ந்துபோகிறது. பழைய முறையிலும் பதிவு, புதிய முறையிலும் பதிவு, நடுவில் பயிற்சி வகுப்பு, வழக்கமான இலக்கும் அப்படியே. அந்த நிலையில் ஊழியர் முகம் சுளிப்பதை "எதிர்ப்பு" என்று எழுதுகிறார்கள். பெரும்பாலும் அது களைப்பு. பயிற்சி நடக்கும் வாரங்களில் இலக்கைக் குறையுங்கள், அல்லது அவசரமில்லாத ஒரு ரிப்போர்ட்டையாவது நிறுத்துங்கள். எந்த உற்சாகப் பேச்சும் இதற்கு ஈடாகாது.

வதந்தி கிளம்பினால்

ஆல்போர்ட், போஸ்ட்மன் என்ற இருவர் 1947-இல் வதந்திக்கு ஒரு சூத்திரம் சொன்னார்கள்: விஷயத்தின் முக்கியத்துவமும் அதிலுள்ள தெளிவின்மையும் ஒன்றையொன்று பெருக்கிய அளவுக்கு வதந்தி இருக்கும். பெருக்கல் என்பதால், இரண்டில் ஒன்று பூஜ்யமானாலும் வதந்தி நிற்கும். வேலை என்ற விஷயத்தின் முக்கியத்துவத்தை யாராலும் குறைக்க முடியாது. தெளிவின்மையைக் குறைக்கலாம்; உங்கள் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

யார் கிளப்பினார் என்று தேடுவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள், தேடினால் பேச்சு இன்னும் ரகசியமாகும். வதந்தியில் உண்மை எவ்வளவு என்று பாருங்கள். முழுப் பொய் என்றால் ஒரே நாளில், உண்மை எண்ணிக்கையைச் சொல்லி மறுங்கள். பாதி உண்மை என்றால் அந்தப் பாதியை ஒப்புக்கொண்டு மீதியைத் திருத்துங்கள். முழுவதும் உண்மை, ஆனால் அறிவிக்க இன்னும் நாள் இருக்கிறது என்றால் மறுக்கவே கூடாது: "இதைப் பற்றி இன்று பேச எனக்கு அனுமதி இல்லை, 20-ஆம் தேதி பேசுவேன்" என்று சொல்லி, முடிந்தால் அறிவிப்பையே முன்னால் கொண்டுவாருங்கள்.

ஆட்குறைப்பு என்றால்

தனி அறை, நேரடி மேலதிகாரியும் ஹெச்.ஆர். ஒருவரும், 15 நிமிடம். செய்தி முதல் நிமிடத்திலேயே வந்துவிட வேண்டும். வானிலை, குடும்ப நலம் என்று தொடங்கினால் பின்னால் நினைத்துப் பார்க்கும்போது அது கொடுமையாகத் தெரியும். "உங்கள் பணியிடம் நீக்கப்படுகிறது. உங்களுடைய கடைசி வேலை நாள் ஆகஸ்ட் 31." சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மௌனத்தை நீங்கள் பேசி நிரப்ப வேண்டாம். அவர் அழலாம், கோபப்படலாம், ஒன்றுமே பேசாமல் எழுந்து போகலாம்.

அந்த நேரத்தில் சொன்னது எதுவும் மனதில் பதியாது. எனவே எல்லாம் எழுத்தில், கையில்: கடைசி நாள், தர வேண்டிய தொகை கணக்கோடு, எந்தத் தேதியில் வங்கிக்கு வரும், மருத்துவக் காப்பீடு எதுவரை, அனுபவச் சான்றிதழ் எப்போது, சந்தேகம் கேட்க யாருடைய எண். மறுநாளோ அதற்கடுத்த நாளோ இரண்டாவது சந்திப்புக்கு நேரம் குறித்துக் கொடுங்கள். உண்மையான கேள்விகள் அப்போதுதான் வரும். அறையிலிருந்து வெளியே வருபவர் சக ஊழியர்கள் எல்லோரையும் கடந்து நடக்க வேண்டிய இடத்தில் அறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

மிஞ்சியிருப்பவர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போனவரை எப்படி நடத்தினீர்கள் என்பதைத்தான் தனக்கு நாளை நடக்கப்போவதாக ஒவ்வொருவரும் எண்ணுவார். அன்று மதியமே அவர்களோடு உட்கார்ந்து, எந்த அடிப்படையில் தேர்வு நடந்தது, போனவருடைய வேலை யாரிடம் வரும், எந்த வேலை இனிச் செய்யப்படாது என்று சொல்லுங்கள். மூன்றாவதை விட்டால், ஐந்து பேர் வேலையை மூன்று பேர் தலையில் ஏற்றிவிட்டதாகத்தான் அர்த்தமாகும்.

அமலுக்கு வந்த பிறகு

தலைவர்கள் இந்த மாற்றத்தைப் பற்றி ஆறு மாதமாகப் பேசி, சண்டை போட்டு, பயந்து, தெளிந்து முடித்திருப்பார்கள். ஊழியர் அன்றுதான் தொடங்குகிறார். "சொல்லி இரண்டு வாரம் ஆகிறதே, இன்னுமா?" என்று மேலிடம் கேட்டால், இந்தக் கால இடைவெளியை நினைவூட்டுவது உங்கள் கடமை.

முதல் மாதம் வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் ஒரு சிறு செய்தி அனுப்புங்கள். புதிதாக ஒன்றுமில்லாத வாரத்திலும் "இந்த வாரம் புதிய முடிவு எதுவும் இல்லை, அடுத்தது 26-ஆம் தேதி" என்று இரண்டு வரி போக வேண்டும். இரண்டாம் மூன்றாம் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. 30, 60, 90-ஆம் நாட்களில் முதல் தாளை எடுத்து ஒவ்வொரு கட்டமாகச் சரிபாருங்கள்: "மாறாது" என்று சொன்னது உண்மையாகவே மாறவில்லையா? மாறியிருந்தால், யாரும் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லி, காரணத்தையும் சொல்லுங்கள்.

மாற்றத்துக்குப் பிறகு ஒரு குழு சீக்கிரமே பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், புதிய நிலையை உறுதிப்படுத்துவதும் மாற்றத்தின் ஒரு பகுதியே என்று உளவியலாளர் கர்ட் லெவின் 1947-இல் எழுதினார். நடைமுறையில் இது மிகச் சிறிய வேலைகளாகத்தான் வரும். பழைய ஃபார்மைக் கவுண்டரிலிருந்து எடுப்பது, பழைய மெயில் ஐடியை மூடுவது, பழைய பிரிவின் பெயர்ப் பலகையைக் கழற்றுவது, பழைய வாட்ஸ்அப் குழுவைக் கலைப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி, ஒரு வாரம் முன்பே அறிவிப்பு. பழைய ஃபார்ம் மேசை டிராயரில் கிடக்கும்வரை, அவசரத்தில் கை அதைத்தான் எடுக்கும்.

90-ஆம் நாளில் கேள்விப் பதிவேட்டைத் திறந்து, பதில் எழுதப்படாத வரிகளை எண்ணுங்கள். அவை ஒவ்வொன்றையும் கேட்ட குழுவிடம் போய், பதிலையோ புதிய தேதியையோ நேரில் சொல்லிவிட்டு வந்த பிறகே ஷீட்டை மூடுங்கள்.